கீழைத்தேயவாதியா, கீழைமொழி அறிஞரா?

யூலியஸ் வெல்ஹவுசன் (1844–1918) ‘ஜெர்மானிய இறையியலாளர், கீழைத்தேயவாதி’ என்று எழுதுகிறார்கள். முதல் சொல் சரி. இரண்டாவது, சோற்றில் கல்.

மூலச்சொல் ஓரியண்டலிஸ்ட்: கீழைநாட்டு மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராய்பவர். லத்தீனில் ‘ஓரியன்ஸ்’ என்றால் உதிப்பது, அதாவது சூரியன் உதிக்கும் திசை. நமக்கோ மலை மேற்கே, கடல் கீழே. அதனால் அது கிழக்கு. வேர்க்கதை அவ்வளவுதான். தகராறு வாலில் இருக்கிறது.

வாதி என்பவர் யார்? நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர். அல்லது ஒரு கொள்கையைப் பிடித்து நிற்பவர்: தேசியவாதி, பெண்ணியவாதி. வெல்ஹவுசன் கிழக்குக்காக என்ன வழக்காடினார்? விவிலியத்தில் மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களில் குருமார் சட்டப் பகுதி, யூதர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட சிறைவாசத்துக்குப் பிற்பட்டது என்று 1878-இல் வாதிட்டார். அதற்காக வேண்டுமானால் ‘வாதி’ என்று அழைக்கலாம். ஆனால் அது இறையியல் கணக்கில் சேரும்.

1882-இல் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பதவியை அவரே விட்டுவிட்டார். மாணவர்களைத் திருச்சபைப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது தன் கடமை, தன் பாடமோ அவர்களை அதற்கு லாயக்கில்லாதவர்களாக ஆக்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். பிறகு ஹாலே பல்கலைக்கழகத்தில் கீழைமொழிகள் கற்பிக்கப் போனார். அங்கே கிடைத்தது முழுப் பேராசிரியருக்கு ஒரு படி கீழான பதவி. ஜெர்மன் சொல்லை அகராதியில் பார்த்து அதை ‘அசாதாரணப் பேராசிரியர்’ என்று எழுதினால், படியிறங்கிய மனிதருக்கு மகுடம் சூட்டியதாகிவிடும். அகராதியை நம்பி ஆளை மறக்கும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது?

மேற்கத்தியர் கிழக்கைப் பார்த்த விதத்தைப் பற்றி எட்வர்ட் சயீத் 1978-இல் ‘ஓரியண்டலிசம்’ நூலில் முன்வைத்த விமர்சனத்தைப் பேசும்போது ‘வாதி’ பொருந்தலாம். அங்கே பேச்சே ஒரு பார்வையைப் பற்றியது. ஆனால் ஜெர்மானியப் புலமைக்கு உரிய இடம் தரவில்லை என்று சயீதே தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் விட்ட இடத்திலும் நம்மவர்கள் முத்திரை குத்துகிறார்கள்.

‘கீழைத்தேயவியலாளர்’? தவறில்லை, ஆனால் வாய் வலிக்கிறது. பொதுச்சொல்லாகக் ‘கீழைமொழி அறிஞர்’ போதும். அதிலும் ஒரு சிக்கல்: பாலஸ்தீனமும் அரேபியாவும் நமக்கு மேற்கே அல்லவா இருக்கின்றன! ஆகவே மொழி தெரிந்தால் மொழியையே சொல்லுங்கள். வெல்ஹவுசன், பதவி துறந்த அதே 1882-இல் பழைய அரபு வரலாற்றாசிரியர் வாகிதியின் நூலை ஜெர்மனில் சுருக்கித் தந்தவர், 1902-இல் உமையாக்கள் என்ற தொடக்ககால இஸ்லாமிய அரச மரபின் ஆட்சியும் வீழ்ச்சியும் பற்றி நூல் எழுதியவர். எபிரேய, அரபு மொழி அறிஞர் என்றால் யாருக்குப் புரியாது?