பட்டயம் வேறு, சாசனம் வேறு

போட்டித் தேர்வுக்கான காணொளி ஒன்றில், இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்து பின்னால் அமெரிக்க மாநிலமான மாசசூசெட்சைப் பற்றி ஆசிரியர் சொல்கிறார்: "1629-இல் மன்னர் மாசசூசெட்சுக்குச் சாசனம் கொடுத்தார். 1780-இல் மாசசூசெட்ஸ் தனக்கென்று சாசனம் எழுதிக்கொண்டது." கேட்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? பழசு கிழிந்துபோனதால் புதுசு எழுதினார்கள் போலிருக்கிறது என்றுதானே! இந்தக் குழப்பத்தை ஒரு தடவை கேட்டால் விட்டுவிடலாம். வழிகாட்டி நூல்களிலும் இதே கதைதான்.

மன்னர் கொடுத்தது சார்ட்டர். மக்கள் எழுதியது கான்ஸ்டிடியூஷன், அதாவது ஆட்சி எப்படி நடக்கவேண்டும் என்று வகுக்கும் அடிப்படைச் சட்டம். இந்த இரண்டையும் 'சாசனம்' என்று ஒரே சொல்லால் எழுதுவதுதான் குழப்பம். முன்னது இலத்தீனில் 'சிறு தாள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கார்டு, சார்ட் எல்லாம் அதன் பங்காளிகள். பின்னது 'நிறுவுதல், அமைத்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. வேர்க்கதை அவ்வளவுதான்.

சார்ட்டர் என்பது மன்னர் இன்னாருக்கு இன்ன உரிமை என்று எழுதி, முத்திரையிட்டுக் கொடுக்கும் தாள். 1600-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியதும், 1629-இல் மாசசூசெட்ஸ் வளைகுடாக் கம்பெனி வாங்கியதும் இந்த வகைதான். இரண்டுமே வியாபாரக் கம்பெனிகள். ஆனால் மாசசூசெட்ஸ் தாளில், கம்பெனியின் கூட்டம் இங்கிலாந்தில்தான் நடக்கவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. 1630-இல் குடியேறப் புறப்பட்ட கம்பெனித் தலைவர் ஜான் வின்த்ராப்பின் ஆட்கள் தாளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் கம்பெனியின் தலைவர் ஆளுநரானார், பங்குதாரர்கள் வாக்காளர்களானார்கள், பங்குதாரர் கூட்டம் சட்டமன்றமானது. அந்தக் காலத்தில் கம்பெனிக் கூட்டத்தைக் 'கோர்ட்' என்பார்கள். அதனால்தான் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் பெயர் இன்றைக்கும் 'ஜெனரல் கோர்ட்'. இதைப் 'பொது நீதிமன்றம்' என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

கொடுத்தவர் பிடுங்கவும் செய்யலாம். 1684-இல் மாசசூசெட்ஸ் சார்ட்டரை லண்டன் நீதிமன்றம் ரத்து செய்தது. 1687-இல் பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட்டின் சார்ட்டரைப் பறிக்க, மன்னர் அனுப்பிய ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் அங்கே ஹார்ட்ஃபோர்டு நகருக்கு வந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது மெழுகுவர்த்திகள் அணைந்தன, விளக்கேற்றிப் பார்த்தால் மேசையில் தாள் இல்லை, யாரோ கொண்டுபோய் ஓக் மரப் பொந்தில் ஒளித்துவிட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அந்த மரம் 1856-இல் புயலில் விழுந்தது. கதை எவ்வளவு உண்மையோ, சார்ட்டர் என்றால் கையில் வைத்திருந்து காட்டவேண்டிய பொருள் என்பது அதில் தெரிகிறது.

சார்ட்டருக்குத் தமிழில் பட்டயம் என்ற சொல் இருக்கிறது. செப்புப் பட்டயம் நமக்குப் புதிதல்ல. சி.ஏ. படித்தவரைப் பட்டயக் கணக்காளர் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அந்தப் 'பட்டய'மும் இதே சார்ட்டர்தான். தனித்தமிழ் அன்பர்கள் பட்டயத்தின் பிறப்பைக் கேட்டுச் சண்டைக்கு வரலாம். எனக்குத் தூய்மையை விடத் தெளிவு முக்கியம். விவிலியம் படித்தவர்கள் 'பட்டயம் என்றால் வாளாயிற்றே' என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கணக்காளரைப் பார்த்து யாரும் வாளை நினைப்பதில்லை.

சரி, சாசனத்தையே சார்ட்டருக்கு வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம், 'அரசியல் சாசனம்' என்ற வழக்கு மட்டும் இல்லாதிருந்தால். சாசனத்தின் வேர் கட்டளையிடுவது, ஆள்வது. மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு விடுப்பது. கான்ஸ்டிடியூஷனோ நேர் எதிர்த்திசை. மாசசூசெட்சில் 1778-இல் சட்டமன்றமே ஒரு வரைவை எழுதி ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்க்கூட்டங்கள் அதை நிராகரித்தன. உரிமைப் பட்டியல் இல்லை என்பது ஒரு குறை, அதற்கென்று தனி மாநாடு கூட்டாமல் சட்டமன்றமே எழுதியது இன்னொரு குறை. பிறகு மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுத்து, பின்னால் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதியை வரைந்து, ஊர்கள் ஏற்ற பிறகே 1780-இல் அது நடைமுறைக்கு வந்தது. இதைப் போய்ச் சாசனம் என்றால், ஊர்க்கூட்டத்தில் கைதூக்கியவர்களை மறுபடி குடிமக்களிலிருந்து மன்னருக்கு அடங்கிய குடிகளாக்குவதுபோல் ஆகிறது. அரசமைப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. அமைத்தல் என்ற வினையே அதற்குள் இருக்கிறது.

அமெரிக்க அரசமைப்பை வகுத்தவர்களில் முக்கியமானவரான ஜேம்ஸ் மேடிசன் அந்த அரசமைப்பையே சார்ட்டர் என்று எழுதியிருக்கிறாரே என்று மடக்கலாம். எழுதினார், 1792-இல். ஐரோப்பாவில் அதிகாரம் சுதந்திரத்துக்குப் பட்டயம் கொடுத்தது, அமெரிக்காவில் சுதந்திரம் அதிகாரத்துக்குப் பட்டயம் கொடுத்தது என்பது அவர் வாதம். கொடுப்பவரும் வாங்குபவரும் இடம் மாறியதில்தான் அதன் குத்தல். அங்கே 'சாசனம்' போட்டுப் பாருங்கள், குத்தல் போய்விடும்.

எல்லைக்கோடு எப்போதும் சுத்தமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1663-இல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பட்டயத்தை வைத்தே இன்னொரு அமெரிக்க மாநிலமான ரோட் ஐலண்ட் 1843 வரை ஆட்சி நடத்தியது. சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற பழைய ஏற்பாடும் கூடவே நீடித்தது. அதை எதிர்த்து 1842-இல் தாமஸ் டோர் தலைமையில் கலகமே வந்தது. 'பட்டயம் போதும்', 'அரசமைப்பு வேண்டும்' என்பதுதான் அங்கே தகராறு. நம் வழிகாட்டி நூல் இதை எப்படி எழுதும்? 'சாசனம் வேண்டாம், சாசனம் வேண்டும் என்று மக்கள் போராடினர்.'