இரண்டு முறை வந்த ஒரு மணி

2009 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. மொரிசியஸில் இரண்டு மணி ஆகவேண்டிய நொடியில் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்பியது. மின்சாரத்தை மிச்சப்படுத்த 2008 அக்டோபர் 26 அன்று ஒரு மணி முன்னே தள்ளிவைத்த நேரத்தை (இதைத்தான் கோடை நேரம் என்பார்கள்) அன்று பழையபடி ஆக்கினார்கள். அதனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் அந்த இரவில் இரண்டு முறை வந்தது.

தூங்கியவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. இரவெல்லாம் கணக்குப் பார்க்கும் ஒரு வங்கி மெயின்ஃபிரேமை, அதாவது பெருங்கணினியை, நினைத்துப் பாருங்கள். ஒருவர் 1:40க்குப் பணம் போட்டார், அரை மணி கழித்து எடுத்தார். எடுத்த நேரம் 1:10 என்று பதிவாகிறது! போடுவதற்கு முன்பே எடுத்ததாகக் கணக்கு சொல்லும்.

இதை நம் பஞ்சாங்கத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு திதி முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். சென்னையில் அது காலை 9:30 என்றால் மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் 8 மணி. 2009 தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த நாட்களில் கடிகாரம் முன்னே இருந்ததால் அதுவே 9 மணி. நிலவும் சூரியனும் தம் போக்கில்தான் போயின. நாம் வைத்த பெயர்தான் மாறியது.

ஐபிஎம் மெயின்ஃபிரேமும் இப்படித்தான். அதன் உள்ளே 64 பிட் கடிகாரம் ஒன்று 1900 ஜனவரி 1 நள்ளிரவைத் தொடக்கமாக வைத்து, உலகப் பொது நேரத்தில் எண்ணிக்கொண்டே போகிறது. (அந்த 64 பிட்டும் 2042 செப்டம்பர் 17 அன்று நிரம்பிவிடும்; அது தனிக்கதை.) கோடை நேரம் வந்தாலும் இதை யாரும் தொடுவதில்லை. இசட்/ஓஎஸ் இயங்குதளம் வித்தியாசத்தைத் தனியே வைத்திருக்கிறது: மொரிசியஸுக்குக் கூட்டல் 4 மணி நேரம், அந்த 2008-09 கோடை நேரத்தில் கூட்டல் 5. ஆபரேட்டர் மாற்றுவது அந்த எண்ணை மட்டும்தான். நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்து, தானாக மாறும்படியும் செய்யலாம்.

ஆபத்து புரோகிராம்களில்தான் இருக்கிறது. உள்ளூர் நேரத்தைக் கேட்டு வாங்கி அப்படியே எழுதிவைக்கும், கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் மேலே சொன்ன குழியில் விழும். 1:30க்கு ஓடவேண்டிய வட்டிக் கணக்கு இரண்டு முறை ஓடக்கூடும். அக்டோபரிலோ கடிகாரம் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியதால் 2:30 என்ற நேரமே வரவில்லை. அதற்கென்று வைத்த வேலை விட்டுப்போகலாம். வாடிக்கையாளர் பரிவர்த்தனைகளை உடனுக்குடன் நடத்தும் சிக்ஸ் (CICS) போன்ற மென்பொருள் நேரத்தைத் தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்வதால், அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். முன்பு பல இடங்களில், திரும்ப வரும் அந்த ஒரு மணி நேரம் முழுக்க அமைப்பையே நிறுத்திவைத்தார்கள். கனமான வழி, ஆனால் பதிவுகள் பிசகவில்லை. என்னைக் கேட்டால், எழுதுவதைப் பொது நேரத்தில் எழுதி, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குவதே சரி.

மொரிசியஸ் அந்தச் சோதனையைத் தொடரவில்லை. ஆனாலும் பிரான்ஸ் நிறுவனங்களுக்காக இங்கே மொரிசியஸிலிருந்து வேலை பார்ப்பவர்களைக் கோடை நேரம் விடவில்லை. பாரிஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 3 மணி நேரம், கோடையில் 2. அந்த 2009 மார்ச் இரவிலோ, நாம் பின்னே போன நான்கு மணி நேரத்தில் ஐரோப்பா முன்னே போனதால் 4 மணி நேர இடைவெளி 2 ஆகிவிட்டது. இன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில், பாரிஸில் இரண்டு முதல் மூன்று மணி வரையிலான நேரம் இரண்டு முறை ஓடி முடியும்வரை, மொரிசியஸின் கணினி நிறுவனங்கள் இருக்கும் எபேனில் நான்கிலிருந்து ஆறு மணிவரை திரையைப் பார்த்தபடி விழித்திருக்க வேண்டும்.