டேக்: தட்டுவதா, தொடுவதா?

மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து, மருமகனின் போனில் அமெரிக்க பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடி வந்தவன் இரண்டாம் தளத்துக்கு (ஓடுகிறவன் போய்ச் சேரவேண்டிய 'பேஸ்') சறுக்கி விழ, பந்தோடு நின்றவன் கிளவுஸை அவன் முதுகில் ஒற்றி எடுத்தான். நடுவர் முட்டியை உயர்த்தினார்.

"பந்தால எறியவே இல்லையே மாமா, மறுகா எப்படி அவுட்?"

பாடசாலையில் எல்லே ஆடுகிற பிள்ளை; பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓடும் நம் நாட்டு விளையாட்டு அது. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட வைத்தால் அவுட். அவன் கேட்டதில் பிழையில்லை. பழைய பேஸ்போலிலும் அப்படி எறியும் வழக்கம் இருந்ததுதான். 1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் எழுதிய விதிகள் அதைத் தடுத்தன: பந்தை ஓடுகிறவன் மேல் எறியக்கூடாது, கையில் வைத்தே அவனைத் தொடவேண்டும். அந்தத் தொடுகைக்குப் பெயர்தான் டேக். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து ஆடும் விளையாட்டுக்கும் இதே பெயர். பிரித்தானியாவில் சில இடங்களில் டிக் என்பார்கள். புடவைக்கடை விலைச்சீட்டையும் முகநூலில் ஆள் பெயரைக் கோப்பதையும் டேக் என்கிறோமே, அது வேறு பொருள். அதை நம்பி 'ஒட்டு', 'குறிச்சொல்' என்று மொழிபெயர்த்தால், ஓடி வந்தவன் முதுகில் விலைச்சீட்டு ஒட்டிய கதையாகிவிடும்.

விதி சின்னது, ஆனால் நுணுக்கமானது. ஓடுகிறவன் தளத்தில் படாமல் இருக்கும்போது, பந்தாலோ பந்து இருக்கும் கையாலோ கிளவுஸாலோ அவனைத் தொடவேண்டும். வலக்கையில் பந்தை வைத்துக்கொண்டு இடக்கையின் வெறும் கிளவுஸால் தொட்டால் செல்லாது. தொடும்போது பந்து நழுவி விழுந்தாலும் செல்லாது. தப்புகிறேன் என்று தன் ஓட்டப்பாதையை விட்டு மூன்று அடிக்கு மேல் விலகினால், தொடாமலே அவுட்.

அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்பில் கூடைப்பந்தை வளர்த்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேஸ்போல் அப்படி ஊன்றவில்லை. அதனால் அதன் சொற்களுக்கு ஊர்ப்பெயரும் வாய்க்கவில்லை. ஆனால் செயல் நமக்குப் புதிதா என்ன? கிளித்தட்டில் கோட்டைக் காத்து நிற்பவன் கடப்பவனைத் தட்டினால் ஆள் அவுட். விளையாட்டின் பெயரிலேயே 'தட்டு' இருக்கிறது. டேக்குக்கும் அதையே வைக்கலாம் என்பேன்.

'தொடு' போதாதா என்று கேட்கலாம். எனக்கு அது சரிப்படவில்லை. ஓடுகிறவனும் தளத்தைத் தொடுகிறானே! "தளத்தைத் தொடுமுன் தட்டிவிட்டான்" என்றால் யார் என்ன செய்தார் என்பது ஒரே மூச்சில் விளங்கும். இரண்டுக்கும் 'தொடு' போட்டால் வாசிப்பவன் தடுமாறுவான்.

ஆங்கிலத்திலேயே அந்தத் தடுமாற்றம் உண்டு. உயரப் போன பந்தைப் பிடித்துவிட்டால், தளத்தில் இருந்தவன் அந்தத் தளத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்ததுக்கு ஓடலாம். இதை டேக் அப் என்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் தட்டுவதில்லை. ஓடுகிறவன்தான் தளத்தைத் தொடுகிறான். தமிழில் முன்னதைத் 'தட்டு' என்றும் இதை 'மீளத் தொடல்' என்றும் பிரித்துவிட்டால் தீர்ந்தது.

தட்டத் தேவையே இல்லாத இடமும் உண்டு. முதல் தளத்தில் ஒருவன் நிற்க, அடித்தவன் தரையோடு பந்தை உருட்டிவிட்டு அதே தளத்துக்கு ஓடி வருகிறான். இருப்பவன் இடம் விட்டு இரண்டாம் தளத்துக்குப் போயே ஆகவேண்டும். அவன் வருமுன் பந்தோடு இரண்டாம் தளத்தை மிதித்தாலே போதும். முதல் தளம் வெறுமையாக இருந்து, இரண்டாம் தளத்தில் மட்டும் ஆள் நின்றால் அவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவன் ஓடினால் தட்டித்தான் ஆகவேண்டும். இந்தக் கட்டாய அவுட்டை ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் அவுட் என்பார்கள். நான் 'நெருக்கு அவுட்' என்றேன். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை, 'மிதி அவுட்' என்கிறான்.