விற்பனைக்கு அல்லாத கொட்டான்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், வெள்ளி, பித்தளை, எனாமல் சாமான்களுக்கு நடுவே கொட்டான் எனப்படும் சில ஓலைக் கூடைகளும் இருக்கும். விளிம்பில் பாசிமணி கோத்திருக்கும். சிலவற்றில் குரோஷா நூல் வேலை. இவற்றில் பலவற்றை முடைந்தவர்கள் அந்தந்த வீட்டு ஆச்சிமார்தான். செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் செய்துகொண்டிருந்த காலத்தில், வீட்டில் இருந்த பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது. கல்யாணத்திலும் மற்ற சடங்குகளிலும் பழமும் பலகாரமும் வைத்துக் கொடுக்கக் கொட்டான் தேவைப்பட்டது உண்மை. ஆனால் பழத்தைச் சுமக்க மணி கோத்த விளிம்பு எதற்கு? பயன் முடிந்த இடத்துக்கு அப்பாலும் கை ஏன் வேலை செய்துகொண்டே போகிறது?

இதற்குப் பதில் பாதி ஓலையில் இருக்கிறது, பாதி மூளையில்.

முதலில் ஓலை. கொட்டானுக்கு எடுப்பது பனையின் இளங்குருத்து. முற்றிய ஓலை மடக்கினால் முறியும். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, வேண்டுமானால் சாயத்தில் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள். முடைவதற்கு முன் ஈரப்படுத்த வேண்டும். ஏன்? ஓலையின் நார் என்பது செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கட்டு. அந்தக் கட்டுகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பசைபோல நிற்கின்றன. உலர்ந்த ஓலையில் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கும். தண்ணீர் உள்ளே போனதும், ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதிகளில் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளுக்குள் புகுந்துகொள்கின்றன. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று நழுவ முடிகிறது, ஓலை வளைகிறது. வளைந்த நிலையிலேயே உலரும்போது, பிணைப்புகள் புதிய இடத்தில் மறுபடி கட்டிக்கொள்கின்றன. முடைந்து முடித்த கொட்டான் பழைய தட்டைத்தன்மைக்குத் திரும்பாமல் நிற்பது இதனால்தான். அளவு மீறி ஊறினாலும் கெடுதல்: ஊறிய ஓலை அகலத்தில் வீங்கும், காய்ந்ததும் சுருங்கும், பின்னலில் இடைவெளி விழும்.

அடுத்து, பின்னல் ஏன் பிரியாமல் நிற்கிறது என்பது. பசை இல்லை, முடிச்சு இல்லை. ஒவ்வொரு கீற்றும் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் போகிறது. வளைத்துச் செருகிய கீற்று நிமிரப் பார்க்கிறது. பக்கத்துக் கீற்று அதை நிமிர விடாமல் அழுத்துகிறது. அழுத்தம் இருக்கும் இடத்தில் உராய்வு இருக்கும். ஆயிரம் இடங்களில் சிறிது சிறிதாகக் கூடும் இந்த உராய்வுதான் கொட்டானைக் கட்டிக் காக்கிறது.

என்னை மிகவும் கவர்வது மூலை. சதுரமான அடியைத் தரையில் வைத்துப் பின்னும்போது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு கட்டங்கள், மொத்தம் 360 பாகை. அப்படியே பின்னிக்கொண்டே போனால் பாய்தான் வரும். மூலைக்கு வந்ததும் கீற்றுகளைத் திருப்பி, நான்கு கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றையே வைக்கிறார்கள். 270 பாகைதான் இருக்கிறது. 90 பாகை காணாமல் போய்விட்டது. அந்தக் குறையைத் தட்டையான பரப்பால் தாங்க முடியாது, எனவே அது மேல்நோக்கி எழும்புகிறது. பாய் பெட்டியாகிறது. வளைந்த பரப்புகளைப் பற்றிய வடிவியலின் அடிப்படை ஒன்றை, அதன் பெயர் தெரியாமலே, ஒவ்வொரு கொட்டானிலும் நான்கு முறை செய்து காட்டியிருக்கிறார்கள் ஆச்சிமார்.

இனி மூளைக்கு வருவோம். கை ஓர் அசைவைத் தொடங்கும்போதே, அதனால் என்ன உணர்வு திரும்பி வரும் என்று மூளை கணித்து வைக்கிறது. இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. கீற்றை இழுக்கிறோம். எதிர்பார்த்த இறுக்கம் வந்தால் அடுத்ததற்குப் போகிறோம். வராவிட்டால் விரல் நொடியில் திருத்திக்கொள்கிறது. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், பழச்சாறு கொடுத்துக் குரங்குகளை ஆராய்ந்தபோது, டோபமைன் என்ற வேதிப்பொருளால் செய்தி அனுப்பும் மூளை நரம்பணுக்கள் சாறு கிடைப்பதற்காக மட்டும் துடிப்பதில்லை என்று கண்டார். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் துடிப்பு கூடியது. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் மாற்றமில்லை. எதிர்பார்த்தது வராவிட்டால் குறைந்தது. சாறு குடித்த குரங்கிலிருந்து கொட்டான் முடையும் ஆச்சிக்குத் தாவுவது பெரிய தாவல்தான். டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. என்றாலும், நேற்றைவிட இன்று கோணாமல் வந்த வரிசை தரும் சிறு குதூகலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது.

ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, ஓவியக் கல்லூரி மாணவர்களைக் கவனித்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். வரையும்போது பசி, களைப்பு மறந்து மூழ்கிக் கிடந்தவர்கள், படம் முடிந்ததும் அதில் அக்கறை இழந்தார்கள். மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் என்று பலரிடம் பேசி, 1970களில் அந்த ஆழ்ந்த நிலைக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்: வேலையின் கடினம் திறமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அடுத்துச் செய்ய வேண்டியது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்று உடனே தெரிய வேண்டும். கொட்டானில் மூன்றும் இருக்கின்றன. இதே வட்டாரத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்லில் மூன்றாவது அரைகுறைதான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட்டை ஊற்றுபவர், பூவின் முதுகைத்தான் பார்க்கிறார். மேலே கலவை போட்டு, காயவிட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரித்த பிறகே முகம் தெரியும். அந்த வேலைக்கு வேறு வகைப் பொறுமை வேண்டும்.

செய்து முடித்ததற்கு யாராவது கூலி கொடுத்தால் இன்பம் கூட வேண்டாமா? இங்கேதான் ஆய்வுகள் முரண்டு பிடிக்கின்றன. 1950இல் உளவியலாளர் ஹாரி ஹார்லோவும் உடன் பணியாற்றியவர்களும் ரீசஸ் குரங்குகளின் கூண்டில் கொக்கி, தாழ்ப்பாள் கொண்ட புதிர்ப்பொறிகளை வைத்தார்கள். உணவும் இல்லை, தண்டனையும் இல்லை. குரங்குகள் தாமாகவே திறக்கக் கற்றுக்கொண்டு, திரும்பத் திரும்பத் திறந்தன. பிறகு உணவைப் புகுத்தியபோது வேலை சீர்கெட்டது. 1971இல் இன்னொரு உளவியலாளர் எட்வர்ட் டெசி, கட்டைகளைக் கொண்டு உருவம் அமைக்கும் புதிரைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒரு பிரிவுக்குப் பணம் கொடுத்து, பிறகு நிறுத்தினார். காசு வாங்கியவர்கள் அதன்பின் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது.

1973இல் வெளியான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் ஆய்வுதான் இவற்றில் புகழ்பெற்றது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, ‘வரைந்தால் பரிசுச் சான்றிதழ்’ என்று முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றது. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. பின்னர் பேனாக்களை மறுபடி விளையாட்டு நேரத்தில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்ற இரு பிரிவினரைவிட ஏறக்குறைய பாதி நேரமே அவற்றில் செலவிட்டார்கள். பரிசு அல்ல, பரிசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம்தான் ஆசையைக் குறைத்தது.

இதை வைத்து ‘கைத்தொழிலுக்குக் கூலி கேட்பது கலைக்குக் கேடு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். பரிசு எப்போது கெடுக்கிறது, எப்போது கெடுப்பதில்லை என்று உளவியலாளர்கள் பல ஆண்டுகள் சண்டையிட்டிருக்கிறார்கள். அதில் தேறியது: ஆர்வமில்லாத வேலையில் பரிசு கெடுப்பதற்கு ஒன்றுமில்லை, திறமையை உணர்த்தும் பாராட்டு பெரும்பாலும் ஆர்வத்தைக் கூட்டவே செய்கிறது, ஆட்டிவைக்கும் பரிசுதான் கெடுக்கிறது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அழியும் நிலையிலிருந்து அதை மீட்டதில், பயிற்சி பெற்று முடைந்து வருமானம் ஈட்டும் கிராமத்துப் பெண்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும்; ஆர்வத்தைக் காரணம் காட்டி அதைக் குறைப்பது ஏமாற்று. மற்ற வேலையில் சம்பாதித்துவிட்டு, பொழுதுபோக்குக்குச் செய்ததையும் இணையக் கடையில் ஏற்றத் துடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்தக் குழந்தைகளின் கதை பொருந்தும்.

திறமை இல்லாதவர்களுக்கும் பலன் உண்டா? 2016இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேர் 45 நிமிடம் களிமண், காகிதம், பேனா கொண்டு விரும்பியதைச் செய்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழு இல்லாததால் இதற்குமேல் அதிலிருந்து எடுக்க முடியாது.

கொட்டான் முடையக் கற்க நினைப்பவர்கள் மிகச் சிறியதில் தொடங்காதீர்கள். எளிதாகத் தோன்றும், ஆனால் மூலைகள் நெருங்கி நிற்கும், அதே அகலக் கீற்று அங்கே கூர்மையாக மடங்க வேண்டியிருக்கும். கையகல அடி வைத்தால் விரலுக்கு இடம் கிடைக்கும். ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், வாளியில் மூழ்கடிக்க வேண்டாம். காய்ந்த பிறகு வரிசைகளை ஒருமுறை அடிப்பக்கமாக நெருக்கிவிட்டு விளிம்பை மடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள், என்ன விலை?’ என்று கேட்டால், முடித்த பிறகு கேட்கச் சொல்லுங்கள்.