சிப் சீல்: சாலையில் முத்திரை குத்தியது யார்?

'சிப் சீல்' என்ற சாலை வேலைக்குத் தமிழாகப் போட்ட 'சில்லு முத்திரை' என்ற தொடரை நான் முதலில் பார்த்தது நியூசிலாந்துப் பண்ணைச் சாலைகளைப் பற்றிய ஒரு காணொளியின் தமிழ் வரிகளில். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு, பாவம், அதற்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். 'சிப் கடல்நாய்' என்று போடாமல் விட்டதே பெரிது. அடுத்ததாகச் சாலைப் பணி பற்றிய ஒரு பயிற்சிக் கையேட்டின் வரைவில் பார்த்தேன். அதை மனிதர்தான் மொழிபெயர்த்திருந்தார். சுட்டிக்காட்டினேன், 'அகராதியில் அப்படித்தான் இருக்கிறது' என்றார். போன மாதம் டிப்ளமோ சிவில் படிக்கும் அக்கா மகன் தன் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, சில்லு முத்திரைன்னா ரோட்டு மேல சீல் குத்துவாங்களா?" இனிமேலும் சும்மா இருக்க முடியாது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கெட்டிப்படுத்திய கப்பித் தளத்தைத் துடைப்பம் போட்டுத் தூசி போகக் கூட்டி, அதன்மேல் தாரைச் சீராகத் தெளிப்பார்கள். தெளித்த சூட்டோடு, ஒரே அளவான சிறு ஜல்லியை ஒரு கல் கனத்துக்கு மட்டும் பரப்புவார்கள். பிறகு உருளை ஓட்டி அழுத்துவார்கள். இரும்பு உருளையை விட டயர் உருளை நல்லது, இரும்பு கல்லை நொறுக்கிவிடும். சில நாட்கள் வண்டிகளை மெதுவாகப் போகவிட்டு, ஒட்டாமல் கிடக்கும் கல்லைக் கூட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இதே வேலையை இன்னொரு முறை, இன்னும் சிறிய கல்லை வைத்து மேலே செய்தால் அது இரட்டை அடுக்கு.

இது அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் சிப் சீல். ஆஸ்திரேலியாவில் ஸ்பிரேட் சீல், அதாவது அங்கே தெளிப்பதற்குத்தான் மரியாதை, கல்லுக்கு இல்லை. பிரிட்டனில் சர்ஃபேஸ் டிரஸ்ஸிங். இந்தியச் சாலைப் பொறியாளர்களும் பிரிட்டன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்றே ஐ.ஆர்.சி. 110 என்ற விதித்தொகுப்பை 2005-இல் வெளியிட்டது. நியூசிலாந்தில் தார் கண்ட சாலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். நாட்டு நெடுஞ்சாலைகள்கூட அப்படித்தான் இருக்கின்றன என்பதால், இதை ஏதோ ஏழைக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் மலிவு என்பது உண்மை. நம் ஊரில் கிராமச் சாலைக்கு வழக்கமாகப் போடுவது 20 மில்லிமீட்டர் பிரீமிக்ஸ் கார்ப்பெட், அதாவது முன்கூட்டியே தாரோடு கலந்த ஜல்லி விரிப்பு, அதன்மேல் நீர் இறங்காமலிருக்கச் சீல் கோட் என்ற மெல்லிய மேலடுக்கு. கார்ப்பெட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தார், மேலே சீல் கோட்டுக்கு இன்னொரு கிலோ என்று கணக்கு வரும். ஒற்றை அடுக்குச் சிப் சீலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போதும். ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் பிளாண்ட் வேண்டாம், அங்கிருந்து சூடு ஆறுவதற்குள் லாரி ஓட்டி வரவும் வேண்டாம். தார்ப்பால்மம், அதாவது எமல்ஷன், கிடைத்தால் கொதிக்க வைக்கும் வேலையும் இல்லை. அது பழுப்பு நிறத்தில் டீ மாதிரி இறங்கும், தண்ணீர் பிரியப் பிரியக் கறுக்கும். கறுத்து இறுகுவதற்குள் கல் மேலே விழுந்துவிட வேண்டும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலச் 'சீல்', லத்தீனில் சிகில்லும் என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சிறிய அடையாளம் என்று பொருள். அரசன் ஓலையை மடித்து, மெழுகு வைத்து, அதன்மேல் அடையாளத்தைப் பதித்தான். அடையாளம் பதிந்தால் திறக்க முடியாது. நாளாவட்டத்தில் பதித்தது போய், திறக்க முடியாமை மட்டும் பொருளாக நின்றது. காற்றுப் புகாத சீல், தண்ணீர் இறங்காத சீல், என்ஜினில் ஆயில் சீல் எல்லாம் இந்த இரண்டாம் பொருளில் வருபவை. சாலைச் சீலும் அதே சாதி. மழைநீர் கப்பிக்குள் இறங்கி அடிமண்ணை இளக்காமல் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. அதில் யாரும் எதையும் பதிப்பதில்லை.

முத்திரை என்பதோ வடமொழி முத்ராவிலிருந்து வந்து, முதல் பொருளிலேயே நின்றுவிட்ட சொல். தமிழில் முத்திரை என்றால் பதிந்த அடையாளம்: தபால் முத்திரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை, பரதநாட்டியத்தில் கைமுத்திரை. 'இவர் தன் முத்திரையைப் பதித்தார்' என்று பத்திரிகைக்காரர்கள் வாரம் ஒருவரைப் பாராட்டுவார்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் பொருள் அந்தச் சொல்லுக்கு எந்தக் காலத்திலும் வரவில்லை. வேண்டுமானால் ஒரு மெக்கானிக்கிடம் போய், 'எண்ணெய் முத்திரை ஒழுகுகிறது' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'சீல்' என்ற சொல்லையே தமிழ்நாடு தனக்கென ஒரு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. 'விதிமீறல் கட்டடத்துக்குச் சீல் வைத்தனர்' என்று படித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பூட்டி, அரக்கு வைத்து, யாரும் உள்ளே போகாமல் செய்துவிட்டார்கள் என்று பொருள். ஆகவே 'கிராமச் சாலைக்குச் சீல்' என்று தலைப்புப் போட்டால், ஊர்க்காரர்கள் மறியலுக்கு வந்துவிடுவார்கள். மூலச்சொல்லை அப்படியே எழுதினாலும் ஆபத்து, மொழிபெயர்த்தாலும் ஆபத்து என்ற நிலை.

'சில்லு' மட்டும் என்ன யோக்கியம்? உடைந்த துண்டு என்ற பொருளில் நல்ல தமிழ்ச் சொல்தான். தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு, நொண்டி விளையாட்டில் எறியும் சில்லு. இப்போது கணினிச் சில்லும் சேர்ந்துகொண்டது. 'சில்லு முத்திரை' என்று கேட்டால் ஏதோ வங்கி அட்டைப் பாதுகாப்பு என்று தோன்றுகிறதே தவிர, சாலை நினைவுக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் இன்னும் மோசம், அங்கே சில்லு என்றால் சக்கரம். சாலையைப் பற்றிய வாக்கியத்தில் சில்லு வந்தால் அவர்கள் எதை நினைப்பார்கள்? சக்கரத்தின் தடம் பதிந்த இடத்தை. அதுவும் மழை பெய்த மண் ரோட்டில்!

கையேட்டு மொழிபெயர்ப்பாளரிடம் இதையெல்லாம் சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, 'அப்படியென்றால் கற்சில்லு அடைப்பு' என்றார். முத்திரையை விட ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. சீல் என்பதன் இரண்டாம் பொருளைப் பிடித்துவிட்டார். ஆனால் அடைப்பு தமிழில் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். சாக்கடை அடைப்பு, குழாய் அடைப்பு, மூக்கடைப்பு, மாரடைப்பு. போக வேண்டியது போகாமல் நிற்பதுதான் அடைப்பு. கற்சில்லு அடைப்பு என்றால் வடிகாலில் ஜல்லி சேர்ந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்று பொருள். அதைவிட முக்கியமான குறை, அது வேலையின் பொறுப்பை மாற்றிக் கொடுக்கிறது. இந்தச் சாலையில் நீரைத் தடுப்பது கல் அல்ல, தார். கல்லுக்கு இரண்டு வேலைகள்தான். தாரை வண்டிச் சக்கரம் நேராகத் தேய்க்காமல் காப்பது, சக்கரத்துக்குப் பிடிமானம் கொடுப்பது. கல்லால் அடைக்கிறோம் என்று பெயரிலேயே பொய் சொன்னால், படிக்கிற பையன் கல் அதிகம் போட்டால் நல்லது என்று நினைப்பான். உண்மையில் அதிகம் போட்ட கல் ஒட்ட இடமில்லாமல் சிதறி, பின்னால் வருபவர் வண்டிக் கண்ணாடியை உடைக்கும். தார் அதிகமானால் கோடையில் மேலே கசிந்து பளபளக்கும், செருப்பு ஒட்டும். இரண்டுக்கும் உள்ள கணக்குத்தான் இந்தத் தொழிலே.

சர்ஃபேஸ் டிரஸ்ஸிங் என்பதை 'மேற்பரப்பு அலங்காரம்' என்று எழுதியவரும் உண்டு. அவரைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

இத்தனைக்கும் காரணம், சொல்லைச் சொல்லாக எடுத்து அகராதியின் முதல் வரியைப் பக்கத்தில் வைத்துவிடுவது. இதைச் செய்பவர்கள் சாலை போடுகிற இடத்தில் அரை நாள் நின்றிருந்தால் போதும். அங்கே சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, பேபி ஜல்லி என்று கல்லின் அளவுக்கே தனித்தனிப் பெயர் இருக்கிறது. 'தார் அடிச்சு பேபி ஜல்லி தூவணும்' என்று ஒரு மேஸ்திரி சொன்னால் முழு விதித்தொகுப்பும் அதில் அடங்கிவிடுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் தாரையும் ஜல்லியையும் பார்த்து முகம் சுளிப்பார்கள். தார் ஆங்கிலச் சொல்தான். அதுவும் தப்பான ஆங்கிலச் சொல், ஏனென்றால் நிலக்கரியிலிருந்து எடுக்கும் தாரை நாம் இப்போது சாலைக்குப் போடுவதில்லை. பெட்ரோலியத்தை வடித்தபின் கிடைக்கும் பிட்டுமினைத்தான் போடுகிறோம். அதற்கு நிலக்கீல் என்ற நல்ல சொல் இருக்கிறது, பாடநூலில் அது நிற்கட்டும். ஆனால் ஊரில் 'தார் ரோடு' என்ற பெயரை இனி யாரும் பிடுங்க முடியாது.

ஜல்லி விஷயத்தில் நானே கொஞ்சம் தடுமாறினேன். கிரந்த எழுத்தை நீக்கிச் சல்லி என்று எழுதினால் பழைய சொல்லாகவே ஆகிவிடுகிறது, உடைந்த சிறு துண்டு, சிறு காசு என்று பொருள். சல்லிக்காசு, சல்லிக்கட்டு எல்லாம் அந்த வழி. ஆனால் இலங்கையில் சல்லி என்றால் இன்றும் பணம். மலிவுச் சாலைக்குப் பெயர் தேடப் போய், 'பணத்தைப் பரப்பிய சாலை' என்று மட்டக்களப்பில் ஒருவர் படித்துவிட்டால் நன்றாகவா இருக்கும்? லாரியிலும் ரசீதிலும் ஜல்லி என்றுதான் இருக்கிறது. ஜல்லியே இருக்கட்டும்.

அப்புறம் அந்தச் சீல். அதற்கு நான் சொல்வது வேய்தல். கூரை வேய்கிறோம். தில்லையில் பராந்தகச் சோழன் பொன் வேய்ந்தான் என்கிறோம். கூரை சுவருக்குப் பலம் சேர்ப்பதில்லை, மழை உள்ளே இறங்காமல் காக்கிறது. சிப் சீலும் அப்படியே. அடியில் இருக்கும் தளத்துக்கு அது ஒரு கைப்பிடி பலம்கூடச் சேர்க்காது. தளம் நொடித்திருந்தால் மேலே எத்தனை அடுக்குப் போட்டாலும் குழி குழிதான். ஓலைக்கூரையைப் போலவே இதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆறேழு வருடத்தில் மறுபடி ஒரு கை வேய்ந்துவிட்டால் சாலை பிழைத்துக்கொள்ளும். ஒற்றை வேய்வு, இரட்டை வேய்வு, மறுவேய்வு என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. முத்திரையை வைத்து அப்படிச் செய்து பாருங்கள், 'மறுமுத்திரை' என்றால் பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சொல் அண்டை வகைகளுக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தேன். நார்வேயில் ஓட்டா என்னும் பள்ளத்தாக்கில் 1960-களில் சோதித்துப் பார்த்து, ஊர்ப் பெயரையே வைத்த ஓட்டா சீல் என்று ஒன்று உண்டு. அதில் ஒரே அளவு ஜல்லி வேண்டாம், பக்கத்தில் கிடைக்கும் பொடியும் கல்லும் கலந்த கிரேவலே, அதாவது சரளையே, போதும். இளகிய தாரை நிறையத் தெளித்து, சரளையைக் கனமாகப் பரப்பி உருட்டினால், நாளாக நாளாக வண்டிகள் ஓடி ஓடித் தார் மேலேறி இறுகும். நல்ல கல் கிடைக்காத போட்ஸ்வானா போன்ற நாடுகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. அதைச் சரளை வேய்தல் எனலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் பிறந்த கேப் சீலில், வேய்ந்த ஜல்லியின் இடுக்குகளை எமல்ஷனும் கல்பொடியும் கலந்த குழம்பால் நிரப்புவார்கள். வேய்ந்து மெழுகுவது. நம் வீட்டுத் திண்ணைக்குச் சொல்லும் சொல்லே போதும்.

நம் சீல் கோட் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. அதிலும் ஒரு வகையில் தாரைத் தெளித்துப் பொடி ஜல்லியைத் தூவத்தான் செய்கிறார்கள், அதாவது அதுவும் ஒரு சிப் சீல்தான், கார்ப்பெட்டின் மேல் உட்கார்ந்த சிப் சீல். இன்னொரு வகையில் கலந்தே கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள். முன்னதை வேய்தல் என்றும் பின்னதைப் பூச்சு என்றும் பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கையேட்டு வரைவில், 'சில்லு முத்திரை' வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, 'தார் தெளித்து ஜல்லி வேய்ந்து' என்று திருத்தி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மெய்ப்புத் திரும்பி வந்தது. ஒவ்வொரு 'வேய்ந்து'வின் மேலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'மேய்ந்து?' என்று கேட்டிருந்தார்கள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் எங்கள் பாட்டி சொல்வது ஞாபகம் வந்தது: "ஐப்பசிக்கு முன்னாடி கூரையை மேஞ்சிடணும்."