விஷுவலைசேஷனைக் 'காட்சிப்படுத்தல்' என்னலாமா?

"தேடல் முடிவுகளைக் காட்சிப்படுத்தி, அவற்றின் துணையோடு இலக்கிய மீளாய்வை எழுதவும்." ஆய்வு மாணவர்களுக்கான கையேடு ஒன்றில் இருந்த வரி. தேடிக் கிடைத்த கட்டுரைகளை விஷுவலைசேஷன் செய்து, அதாவது படமாக்கி, லிட்டரேச்சர் ரிவ்யூவை, அதாவது முன்பு நடந்த ஆய்வுகளைப் பற்றிய பகுதியை, எழுதச் சொல்கிறார்களாம். இதே காட்சிப்படுத்தலைப் பயிலரங்க அழைப்பிதழ்களிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கையேட்டை நம்பிய மாணவர் ஒருவர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஒட்டிக் கொண்டுவந்தார். கேட்டால், "காட்சிப்படுத்தியிருக்கேனே சார்!" அவர்மேல் என்ன தப்பு? சொல் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்.

லத்தீனில் விடேரே என்றால் பார்த்தல். அதன் வழிவந்தது விஷுவல். விஷுவலைஸ் என்ற வினை 1817இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் எழுத்தில் வருகிறது. அப்போது அதற்கு மனக்கண்ணால் பார்ப்பது என்று பொருள். தரவைப் படமாகத் தருவது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. வேர் இவ்வளவு போதும்.

காட்சிப்படுத்துதல் தமிழில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். கீழடி அருங்காட்சியகத்தில் பானைகள் காட்சிப்படுத்தப்பட்டுள்ளன என்கிறோம். பொருளை உள்ளபடியே பார்வைக்கு வைப்பது அது. பானை பானையாகவே இருக்கும். தேடுபொறி தரும் பட்டியலும் அதைத்தானே செய்கிறது? தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்வைக்கு வைக்கிறது. அப்படியானால் எந்தத் தேடலும் காட்சிப்படுத்தல்தான், தனிச்சொல்லே வேண்டாம்.

விஷுவலைசேஷனில் நடப்பது வேறு. நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறைவதைப் பற்றிய கட்டுரை ஒன்றை, தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடிப் படமாகத் தரும் கனெக்டட் பேப்பர்ஸ் தளத்தில் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் போய், வட்டங்களாக ஒரு படம் விரியும். ஒரு வட்டம் ஒரு கட்டுரை. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதென்றால் வட்டம் பெரிது. புதியதென்றால் நிறம் அடர்த்தி. இரண்டு கட்டுரைகள் ஒரே நூல்களை உசாத்துணையாகக் கொண்டிருந்தாலோ, பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டியிருந்தாலோ வட்டங்கள் நெருங்கும். முதல் அளவுகோல் 1963இல் கெஸ்லர் என்ற ஆய்வாளர் சொன்னது, இரண்டாவது 1973இல் ஸ்மால் என்ற ஆய்வாளர் சொன்னது. ஆகவே ஒன்றையொன்று மேற்கோள் காட்டாத கட்டுரைகளும் பக்கத்தில் நிற்கலாம். (இதை 'மேற்கோள் வரைபடம்' என்று எழுதுபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.)

வயல் சோதனைகள் ஒரு கொத்தாகவும் மண் நுண்ணுயிர் ஆய்வுகள் இன்னொரு கொத்தாகவும் பிரிந்து நின்றால், எழுதும் மாணவருக்குப் பத்திகள் அங்கேயே கிடைத்துவிடும். 'இவர் 2009இல் இப்படிச் சொன்னார், அவர் 2012இல் அப்படிச் சொன்னார்' என்று ரயில் பெட்டிபோல் கோக்க வேண்டியதில்லை.

பட்டியல் இங்கே வேறொன்றாக ஆகிவிட்டது. ஆக்கிய வேலைக்கு ஆக்கம் என்றே சொல்லலாமே: காட்சியாக்கம். தமிழாக்கம், நூலாக்கம், மின்னாக்கம் எல்லாம் இருக்கும்போது இதற்கென்ன குறை? 'தமிழ்ப்படுத்தலும் தமிழாக்கமும் ஒன்றுதானே, படுத்தல் என்ன பாவம் செய்தது?' என்று கேட்பார்கள். நியாயம்தான், படுத்தல்மேல் எனக்குப் பகையில்லை. காட்சிப்படுத்தல் என்ற இருக்கையில் கண்காட்சிக்காரர்கள் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். காட்சிமயமாக்கல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்த 'மயம்' எதற்கென்று அவர்களுக்கே வெளிச்சம். உருவகப்படுத்தல் என்பவர்களை முகத்தாமரையிடமே விட்டுவிடுவோம். அப்புறம், காட்சி என்பது கண்ணோடு நிற்கிற சொல்லும் அல்ல. குறளின் 'மாசறு காட்சி' தெளிந்த அறிவு. கொத்துகளைப் பார்த்துத் துறையைப் புரிந்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கையேட்டின் மற்ற சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. ஆய்வு மாணவரிடம் முடிவு என்றால் ஆய்வின் முடிவு என்றுதான் எடுத்துக்கொள்வார். 'தேடல் முடிவுகள்' என்று எழுதிவிட்டு நாலு வரி தள்ளி 'முடிவுகளை எழுதுக' என்றால் எந்த முடிவை? 'தேடலில் கிடைத்தவை' என்றால் ஒருவருக்கும் குழப்பமில்லை. 'இலக்கிய மீளாய்வு' இன்னும் மோசம். மீத்தேன் ஆராயும் பிள்ளை சங்க இலக்கியத்துக்கு எங்கே போகும்? தமிழ்த்துறை ஆய்வேடுகளில் இந்தப் பகுதிக்கு 'ஆய்வு முன்னோடிகள்' என்று தலைப்பிடுகிறார்கள். வேளாண்மைக்காரர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.