புரோகிரசிவ் ராக்: ‘முற்போக்கு’ பொருந்துமா?

‘புரோகிரசிவ் ராக்’ என்ற இசைவகையை ‘முற்போக்கு ராக்’ என்று எழுதிப் பாருங்கள். ஏதோ மே தின ஊர்வலத்தில் பாட வந்த குழு போலிருக்கும். முற்போக்கு எழுத்தாளர், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அரசியல் வாடை இல்லாமல் அந்தச் சொல் வராது.

இத்தனைக்கும் சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்புதான். லத்தீனில் ‘புரோ’ என்றால் முன்னே. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைப்பது, நடப்பது. அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஸ்டான் கென்டன் 1940களின் பிற்பகுதியிலேயே தன் இசையைப் ‘புரோகிரசிவ் ஜாஸ்’ என்றார். 1960களின் கடைசியில் அந்த அடைமொழி இங்கிலாந்து ராக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது. மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று, மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்து நீட்டி விரித்தவர்கள் இவர்கள்.

முன்னே நடப்பது சரி, எந்தப் பக்கம்? இந்தக் கேள்வியிலேயே உடைந்தது யு.கே. என்ற குழு. 1977இல் சேர்ந்த நால்வரும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள்: பாட்டுக்கும் பேஸ் கிதாருக்கும் ஜான் வெட்டன், டிரம்ஸுக்கு பில் புரூஃபோர்ட், கீபோர்டுக்கும் மின்வயலினுக்கும் எடி ஜாப்சன், கிதாருக்கு ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். 1978இல் வந்த முதல் ஆல்பத்தின் தொடக்கப் பாட்டைப் போட்டு, ‘தகிட தகதிமி’ என்று தொடையில் தட்டிப் பாருங்கள். சுற்று ஏழில் வந்து முடியும். கர்நாடக இசையில் மிஸ்ரம் எனப்படும் இந்த ஏழு நமக்குப் பழகிய கணக்கு. நாலு நாலாகவே எண்ணி வளர்ந்த ராக் ரசிகருக்குக் கால் இடறுகிற இடம்.

சண்டை தாளக் கணக்கால் வரவில்லை. ஹோல்ட்ஸ்வொர்த் ஜாஸ் மனம் படைத்தவர். மேடையில் ஒவ்வோர் இரவும் புதிதாக வாசிக்க வேண்டும் அவருக்கு. வெட்டனுக்கும் ஜாப்சனுக்கும் கட்டுக்கோப்பான பாட்டு வேண்டும். முதல் ஆல்பம் வந்த வருடமே ஹோல்ட்ஸ்வொர்த்தும் புரூஃபோர்டும் இல்லை. டிரம்ஸுக்கு டெரி போசியோ வந்தார். கிதாருக்கு யாரையும் தேடவில்லை. மூவராக 1979இல் ஒரு ஸ்டூடியோ ஆல்பம், ஜப்பானில் பதிவான ஒரு மேடை ஆல்பம். 1980இல் கதை முடிந்தது. வெட்டன் பின்னர் ஏசியா குழுவில் நாலு நிமிடப் பாட்டுகள் பாடினார். 1982இல் அந்தக் குழுவின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

அப்புறம், தமிழ்ச்சொல். ‘ராக்’ அப்படியே இருக்கட்டும். ‘பாறை இசை’ வேண்டவே வேண்டாம். அந்த ராக் கல்லே இல்லை, ஆடி அசைவதைக் குறிக்கும் வினை. முன், நடை இரண்டையும் ‘முன்னடை’ என்று சேர்த்தால் இலக்கணம் படித்தவர் அடைமொழியைத் தேடுவார். நான் எழுதுவது ‘விரிநடை ராக்’. திஸ்ர நடை, கண்ட நடை என்று தாளக்காரர்கள் சொல்லும் நடையும் இதில் இருக்கிறது, லத்தீன்காரர் அடியெடுத்து வைத்த நடையும் இருக்கிறது. ‘முன்னே’ மட்டும் விட்டுப்போகிறது, யு.கே. கதையைப் பார்த்தபின் அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.